மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

முதன்முதலாக ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் எம் தலைமுறையினருக்குப் பேச்சு ஓய்வதில்லை. ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958இல் 'சுப்பர் கப்' என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. அதன் வழிவந்த 'சி 50', 'சி 90' வண்டிகளே எம்மிற் பலருக்கு முதல் வண்டிகள். அவையும் பிறர் ஓட்டித் தேய்ந்தவை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது; பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால், குப்பியிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்போம். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் பற்றும். புகை கண்ணைக் கரிக்கும். பிளக்கிற் கரி படியும். கழற்றிச் சுரண்டி மறுபடியும் உதைப்போம். ஆசிரியர் பள்ளிக்குச் சென்றதும், நோயாளி வைத்தியசாலைக்குச் சென்றதும் அவ்வாறே.

இன்று இவற்றை இனிய நினைவுகளாகப் பேசுகின்றோம். பேசலாம்; ஆனால், மக்களை வாட்டிய தடையை வீரக்கதையாக்கிவிடலாகாது. அந்நாளிற் கூலித்தொழிலாளிக்கு வண்டியுமில்லை, விளக்குக்குப் போதிய எண்ணெயுமில்லை. அவனுடைய நினைவில் இனிமைக்கு இடமேது?

நாம் போற்றவேண்டியவர்கள், உதிரிப்பாகங்கள் இன்றியும் அவ்வண்டிகளை ஓடவைத்த திருத்துநர்கள். பட்டறையே அவர்களது பல்கலைக்கழகம். அவர்களிற் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆசிரியரும் மாணவரும் அவர்களிடம் சென்று கேட்டெழுதுவாராயின், எம் நினைவு வரலாறாகும்.