கண்ணாடிக்குக் கீழே ஆதிச்சநல்லூர்

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தையும் பனிமய மாதா கோயிலையும் பார்ப்பார்கள், மக்ரூன் வாங்குவார்கள், நேரே திருச்செந்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். வண்டியைக் கொஞ்சம் மேற்கே திருப்பினால் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. இடுகாடா, குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று தயங்க வேண்டாம். தாராளமாகப் போகலாம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் சுமார் 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஆற்றங்கரை முழுக்க வயலும் வாழையும். நடுவே மட்டும் சரளைக்கல் நிறைந்த மேடு, 114 ஏக்கர். ஊர்க்காரர்கள் அதைப் பரம்பு என்கிறார்கள். விளைகிற நிலத்தில் கை வைக்காமல், எதுவும் விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் அந்தக் காலத்து மக்கள். பாறையைக் குழித்து, ஆள் உட்காரும் அளவு பெரிய மண் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். கூடவே சின்னச் சின்னப் பானைகள், இரும்புக் கருவிகள். சில பானைகளில் நெல் உமிகூட இருந்தது. போகிறவருக்கு வழியில் பசிக்குமே என்ற கவலை எல்லாக் காலத்துக்கும் பொது போலிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 5 அன்று இங்கே திறக்கப்பட்டது, தோண்டிய இடத்திலேயே அமைந்த நாட்டின் முதல் அருங்காட்சியகம். அகழாய்வுக் குழியை மூடிவிடாமல், மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதில் நடக்கும்போது காலுக்குக் கீழே தாழிகள் தெரிகின்றன. சில முழுசாக, சில உடைந்து, பானைகள் சாய்ந்தபடி. மற்ற அருங்காட்சியகங்களில் அலமாரியில் பார்க்கும் பொருளை இங்கே அது கிடந்த மண்ணோடு பார்க்கலாம். வித்தியாசம் பெரிது.

அந்த மண்ணைவிட்டுப் போன பொருள்கள் ஏராளம் என்பதால்தான் இது முக்கியம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, பானைகளையும் ஆயுதங்களையும் மண்டையோடுகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி சில ஆண்டுகள் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரியா தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்களும், விலங்கு உருவங்கள் வைத்த அழகான வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. ஊரில் மிச்சமிருந்தது பரம்பும் பேச்சும்தான்.

இதே கதை தென் அமெரிக்காவிலும் உண்டு. பெரு நாட்டு மலையுச்சியில் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சுவை 1911இல் ஹைரம் பிங்காம் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அங்கே தோண்டி எடுத்தவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பெரு அரசு விடாமல் கேட்டது, வழக்குப் போட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 2011 தொடங்கி அவை திரும்பி வந்தன. இன்று மலையடிவார நாட்டின் குஸ்கோ நகரிலேயே அவற்றைப் பார்க்கலாம். பெர்லினுக்குப் போன தாமிரபரணிப் பானைகளும் ஒருநாள் ஊர் திரும்பலாமே என்று ஆசைப்படுவதில் தப்பில்லை.

நம் ஊரிலும் வழக்கு இல்லாமல் வேலை நடக்கவில்லை. 2004-05இல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அறிக்கைதான் வரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை விஷயம் போனது. அங்கே கிடைத்தவற்றில் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019இல்தான் வெளியே தெரிந்தது. 2020 மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூர் பெயர் இடம்பெற்றது. 2021இல் மண்வெட்டிகள் மீண்டும் இறங்கின. மறு ஆண்டே இன்னொரு தங்க நெற்றிப்பட்டம்!

ஆதிச்சநல்லூரை முடித்துக்கொண்டு ஆற்றோடு கிழக்கே போனால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்க மாலுமிகள் அறிந்த ஊர். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது அறுத்த சங்குகள் கிடைத்தன. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 785. இப்போது அங்கே நின்றால் வயலும் குளமும் வன்னி மரமும்தான் தெரியும். ஆறு கொண்டுவந்த வண்டல் மூட மூட, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டே காயலுக்குப் போய், கடைசியில் தூத்துக்குடியில் நிலைத்தது. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

பரம்பில் நிழல் குறைவு. காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போவது நல்லது, தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஆற்றின் அக்கரையிலேயே ஸ்ரீவைகுண்டம் கோயில். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, கொற்கை வழியாக இருட்டுவதற்குள் தூத்துக்குடி திரும்பிவிடலாம்.