நார் உரித்துத் தின்ற காலம்

ஆவணியில் விழுந்த பனம்பழத்தைச் சுட்டும் அவித்தும் தின்றபின் கொட்டைகளை மணல் பாத்தியில் அடுக்கி மூடிவிட்டால், மார்கழிக்குள் கிழங்கு இறங்கியிருக்கும். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் பொங்கலுக்கு முன் பாத்தி வெட்டுவார்கள். முளைத்த கொட்டையைப் பிளந்து தவுன் எடுக்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்கும்.

மஞ்சளும் உப்பும் போட்டு ஆச்சி பானை நிறைய கிழங்கு அவிப்பாள். ஆறியதும் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தைத் தள்ளிவிட்டு, நாரை இழுத்து இழுத்துத் தின்னவேண்டும். ஒரு கிழங்கு முடிவதற்குள் ஊர்க்கதை பாதி பேசிவிடலாம். மிஞ்சியதை மறுநாள் பூண்டும் மிளகும் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடித்துத் தருவாள். "நல்லா மென்னு தின்னுட்டி, வயித்துக்கு நல்லது" என்பாள். அதற்குமேல் அவளிடம் விளக்கம் கிடையாது.

இப்போது விளக்கமெல்லாம் என்னிடம் இருக்கிறது. சென்னையில் எடுத்த ஸ்கேனில் ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று என்று வந்தது. எடையைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் நார்ச்சத்து சேர்க்கவும் சொன்னார் மருத்துவர். மருந்துக்கடையில் அந்த நார்ச்சத்து வெள்ளைப் பொடியாக டப்பாவில் கிடைக்கிறது. இன்யூலின் என்று பெயர். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதுதான். தண்ணீரில் கலந்தால் ஒரே மடக்கு. மெல்ல வேண்டாம், யாரோடும் உட்கார வேண்டாம்.

நம்மால் செரிக்கமுடியாத நார் பெருங்குடல் வரை போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களைத் தருகின்றன. பியூட்டிரேட்தான் குடல்சுவர் செல்களுக்கு முக்கிய உணவு. சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் நச்சுகள் ரத்தத்தில் கசிவது குறையும். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் வழியாக வருவது. அதனால் குடலில் நடப்பது முதலில் கல்லீரலுக்குத்தான் தெரியும். 2023-ல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 200 பேர் கலந்துகொண்டார்கள். எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை நாளுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதம் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. குடல் பாக்டீரியாவும் மாறியிருந்தன.

ஆச்சியின் கிழங்கு மருந்து என்று சொல்லவரவில்லை. அவள் வெயிலில் நடந்தாள், உரலில் இடித்தாள், இனிப்பை நல்லநாளில்தான் பார்த்தாள். கிழங்கை மட்டும் தனியே பிரித்துப் புகழ்ந்தால் அந்த வாழ்க்கைக்கே அது பொருந்தாது.

என்னை அதிகம் படுத்துவது இன்னொரு ஆய்வு. 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் எரிக்கா சோனென்பர்க், ஜஸ்டின் சோனென்பர்க் குழுவினர், மனிதக் குடல் பாக்டீரியா ஏற்றிய எலிகளுக்கு நார் குறைந்த தீனி கொடுத்தார்கள். பாக்டீரியா வகைகள் குறைந்தன. நாரைத் திரும்பக் கொடுத்ததும் முதல் தலைமுறையில் பெரும்பாலும் மீண்டன. அதே தீனியில் நாலு தலைமுறை போனபின் நார் கொடுத்தும் பல வகைகள் மீளவே இல்லை. குட்டிகளுக்குக் கொடுக்கத் தாயிடமே அவை இல்லை.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. ஆனாலும் ஊரைவிட்டு வந்தவர்களுக்கெல்லாம், நினைத்தால் திரும்பிப் போய்க்கொள்ளலாம் என்று ஒரு தைரியம் உண்டு. எனக்கும் இருந்தது. தேரிக்காடும் பனைகளும் அங்கேயே நிற்கலாம். ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தில் இன்று எத்தனை மிச்சமோ.

பொங்கல் சமயத்தில் கோயம்பேட்டில் கிழங்கு கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. வாங்கி அவிக்கிறேன். "நார் பல்லுல மாட்டுதும்மா" என்று மகள் பாதியில் வைத்துவிடுகிறாள். எனக்காவது ஏங்குவதற்கு ஒரு ருசி இருக்கிறது. அவளுக்கு அந்த ஏக்கத்தைக்கூட என்னால் கொடுக்கமுடியவில்லை.