எங்கள் காரின் ஏரியல்

கார் என்றதும் என்னைப் பெரிய வீட்டுப் பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். என் தந்தையார் மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்து வந்த மெக்கானிக். கூலிப் பாக்கிக்கு ஈடாக ஒருவர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டிதான் எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் செய்து விற்ற வண்டி. எங்களுடையது இரண்டு கதவு மாடல். அதன் பானட் மற்ற கார்களுடையதைப் போலன்று. இரு பக்க மட்கார்டுகள், விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே கூடுவார்கள்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவம் தந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். இந்த உறவுமுறையை ஒரு பழைய பத்திரிகையில் படித்த நாள் முதல், எங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று கல்லூரியில் பெருமையடித்துக் கொண்டேன். நாலு பேர் தள்ளினால்தான் அது கிளம்பும் என்பதை மட்டும் சொல்லவில்லை!

அந்தக் காரில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மத்திய அலை மட்டுமே எடுக்கும். அப்பாவுக்குக் காரைவிட அதுதான் பெரிது. காரணம், என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டவள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1983-க்குப் பின் அங்கே போர் மூண்டு, கப்பலும் நின்றது. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எஞ்சியது இலங்கை வானொலி ஒன்றுதான்.

இலங்கை வானொலி என்றால் எல்லாரும் மயில்வாகனனையும், கே. எஸ். ராஜாவையும், அப்துல் ஹமீதையும், பாட்டுகளையும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான். அப்பா கேட்டது பாட்டை அன்று, மரண அறிவித்தல்களை. இறந்தவரின் பிறப்பிடம், வசிப்பிடம், பெயர், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று ஒரே சீரான குரலில் வாசித்துக்கொண்டே போவார்கள். காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிப் பெயர் வரை கேட்டுவிட்டுத்தான் அப்பா சாப்பிட வருவார். "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்பார். அதுதான் அத்தை நலம் என்பதற்கு எங்கள் வீட்டு வழக்கு.

1985 ஐப்பசியில் ஓர் இரவு. பாட்டரி இறங்கியிருந்ததால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறப்பிடம் இராமேசுவரம், வசிப்பிடம் தலைமன்னார் என்பது வரை காதில் விழுந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் கொரகொரவென்று ஒரே இரைச்சல். அப்பா பாய்ந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் யாரோ ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரின் அறிவித்தல் தொடங்கிவிட்டது.

இராமேசுவரத்தில் பிறந்து தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டவர்கள் ஒருவரா, இருவரா? அப்படித்தான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. டீக்கடையில் போய் விசாரித்தேன். அங்கே திருச்சி வானொலி வைத்திருந்தார்களாம். சில அறிவித்தல்களை மறுநாளும் வாசிப்பதுண்டு. "நாளைக்குப் பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரை இரவல் வாங்கிக் கேட்கலாமே" என்றாள் அம்மா. "ஊரார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் தங்கச்சி சாவுச் சேதியைக் கேட்கச் சொல்கிறாயா?" என்று அப்பா ஒரே சத்தம். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கல்லூரிக்கு வந்தேன். அப்போது நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் விரிவுரையாளர் ஒருவரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "ஏரியலை எங்கேயப்பா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பானட்டின் வலப்பக்க மட்கார்டில் என்றேன். சிரித்துவிட்டார்.

"உங்கள் வண்டியில் மட்கார்டு பானட்டோடு சேர்ந்து தூக்கிக்கொள்ளுமே! ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏரியல் கேபிள் மடங்கி நிமிர்ந்து, மேலே சுற்றியுள்ள பின்னல் கம்பி அறுந்துதான் போயிருக்கும். அறுந்த இடத்தில் உப்புக்காற்று புகுந்தால் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?"

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 1,000 கிலோ ஹெர்ட்ஸில் வரும் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்காவது கம்பி நின்றால் நல்லது. அதாவது 75 மீட்டர். காரில் இருப்பதோ ஒரு மீட்டர்! யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பொரியிலும் கேபிள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே உள்ள மின்தேக்குத் திறன் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குப் பெட்டிக்குப் போய்ச் சேரும் சைகை குறையும். ஆகவே கேபிள் குட்டையாக இருக்க வேண்டும்; கார் ரேடியோவுக்கென்றே செய்ததாகவும் இருக்க வேண்டும். அந்நாளில் எங்கள் கடற்கரையில் ரூபவாகினி பார்ப்பதற்காக வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய் நட்டு டி.வி. ஆண்டெனா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டைக் கம்பியில் ஒரு முழம் வாங்கி ஒட்டுப்போடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அதைத் தொடாதே" என்றார்.

இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் நான் பிற்பாடு பல ஆண்டுகள் என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். மத்திய அலை தரையை ஒட்டி ஊர்ந்து வருவது. காய்ந்த மணல் அதை வழியிலேயே குடித்துவிடும். உப்புக் கடலோ அந்த மணலைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்துவது. அதன்மேல் அலை தேயாமல் நெடுந்தூரம் வரும். "மன்னார்க் கடல் உன் அத்தை ஊர்ச் சேதியை உங்கள் வாசல் வரை கொண்டுவந்து போடுகிறது. கடைசி ஒரு கஜத்தில் நீங்கள்தான் கோட்டை விடுகிறீர்கள்" என்றார்.

இராமநாதபுரத்துக் கடை ஒன்றில், இழுத்தால் நீளும் ஏரியல் ஒன்றைக் கேபிளோடு வாங்கிக்கொண்டு நண்பகலுக்குள் ஊர் திரும்பினேன். முன்கண்ணாடிக்குக் கீழே, பானட் திறந்தாலும் அசையாத தகடு ஒன்று உண்டு. ஏரியலை அங்கே நட வேண்டும். துளை போட வேண்டும். அப்பா எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர். அந்தத் தகட்டில் ஓட்டை என்றதும் அவருக்குக் கை வரவில்லை. மூன்று முறை ஆணியால் புள்ளி குறித்து, மூன்று முறையும் துணியால் துடைத்தார். கடைசியில் கையால் சுற்றும் டிரில்லை என்னிடம் கொடுத்துவிட்டு, கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

துளையைச் சுற்றித் தகட்டின் அடிப்புறம் இருந்த பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்தேன். ஏரியலுக்குக் கம்பி ஒரு கை என்றால் வண்டியின் உடல் மறு கை. இரும்போடு இரும்பு படாவிட்டால் ஒரு கையால் தட்டிய ஓசைதான். பல் வைத்த வாஷரைப் போட்டு இறுக்கி, மேலே உப்பு ஏறாமல் கிரீஸ் தடவினோம். பழைய கேபிளை உருவி எடுத்தபோது பின்னல் கம்பி பச்சைத் தூளாகக் கையில் உதிர்ந்தது. அப்பா அதைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரு சின்ன வேலை. பெட்டியில் ஏரியல் செருகும் இடத்தருகே ஒரு திருகு இருக்கும். ஏரியலுக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்ப்பது அதுதான். முள்ளை 1,400 அருகே கொண்டுபோய், மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் நிறுத்தி, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் மங்கல் குரல் எழுந்து உட்கார்ந்தது. அங்கேயே விட்டுவிட்டேன். எஞ்சின் இரைச்சலை அடக்கக் காயிலில் ஒரு கண்டென்சரும், தீப்பொறிக் கம்பியில் ஒரு தடையும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதைப் பிறகு செய்துகொண்டோம். அன்றைக்கு ஒரு படகிலிருந்து சார்ஜ் ஏறிய பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார் அப்பா.

இரவு மூவரும் காரில் உட்கார்ந்தோம். அம்மா அதற்கு முன் அந்தக் காரில் வானொலி கேட்டதே இல்லை. அறிவிப்பாளர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஐந்தாவதோ ஆறாவதோ அறிவித்தல். பிறப்பிடம் இராமேசுவரம். வசிப்பிடம் தலைமன்னார். பெயர்.

அத்தை இல்லை.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும்விட்டேன். அப்பா மட்டும் பெட்டியை அணைக்காமல் அறிவித்தலின் மிச்சத்தைக் கேட்டார். இறந்தவளின் தகப்பனார் பெயர், அண்ணன் பெயர் எல்லாம் வந்தன. அப்பா அவற்றை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். என் சிரிப்பு நின்றது.

"அந்தப் பிள்ளைக்கும் இங்கே ஒரு அண்ணன் இருக்கிறானே தம்பி" என்றார்.

விடியற்காலை ரயிலில் அவர் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரம் போனார். முன்பின் தெரியாத ஒருவரைப் பெயரை மட்டும் வைத்துத் தெருத்தெருவாய்த் தேடி, நண்பகலில் கண்டுபிடித்தாராம். சங்கு விற்கிறவர். வீட்டில் வானொலி இல்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. இரவு வண்டியில்தான் திரும்பி வந்தார்.

ஒரு மாதம் கழித்து அத்தையின் கடிதம் வந்தது. அண்டை வீட்டில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி இறந்துபோனாள், அவள் அண்ணனுக்கு யார் சொல்லப் போகிறார்களோ என்று எழுதியிருந்தாள்.

பாம்பனில் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. அதுவரை எங்கள் ஹெரால்டுக்கு உலகம் மண்டபத்தோடு முடிந்திருந்தது. அந்த வாரமே அப்பா வண்டியைக் கழுவித் துடைத்துக் கிளப்பினார். கோயிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அம்மா பூ வாங்கி வைத்திருந்தாள். வண்டி சங்கு விற்கிறவர் வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் வெளியே வந்தார். அப்பா இறங்கி, ஏரியலை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.