பேன் பிடித்தால் பழியா?

விடுதியில் தங்கிப் பயிலும் நம் பெண்மக்கள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, பெட்டியோடு பேனையும் கொண்டுவருவதைச் சந்தவாசல் வட்டாரத் தாய்மார் அனைவரும் அறிவர். அதைப் பற்றிப் பேசத்தான் எவருக்கும் நா எழுவதில்லை.

நம் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, தொலைவிலுள்ள ஒரு விடுதியிலிருந்து ஒட்ட வெட்டிய தலையோடு வந்தாள். பூசை முடிந்த பின்னும் முக்காட்டை நீக்கவில்லை, தோழியரோடு பேசவுமில்லை. பேனைவிட, 'அழுக்குப் பிள்ளை' என்ற சொல்லே அவளை அதிகம் கடித்தது என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

அச்சொல் உண்மையன்று. பேன் பறப்பதில்லை, தாவுவதுமில்லை. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கிறது. நாள்தோறும் தலைமுழுகுபவளையும் அது விடாது. பலர் அருகருகே படுத்துறங்கும் கூடத்தில் அது பரவுவதில் வியப்பென்ன?

வறியோர்க்கே வருவது என இகழ்வோரும் உளர். மறைநூலில் நாம் படிக்கும் இலாக்கிசு நகரில், 2016இல் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையுடைய அதன் எழுத்துகளை அறிஞர் படித்தறிந்து 2022இல் வெளியிட்டனர். முடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தந்தச் சீப்பு வாங்க வல்ல செல்வரையும் பேன் விடவில்லை!

ஆகவே தலையை மழிக்க வேண்டா. மண்ணெண்ணெயும் வேண்டா, அது தீப்பற்றும், தோலையும் புண்ணாக்கும். நனைந்த முடியில் எண்ணெய் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகுமாதலால், ஒருநாள் வாரி ஓய்ந்தால் பயனில்லை. மூன்று நான்கு நாளுக்கொருமுறை, இரண்டு வாரம் தொடர வேண்டும். ஒருத்தியை மட்டும் ஒதுக்கி வைப்பதாலும் பயனில்லை. கூடத்திலுள்ள அனைவர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரையுமாகும்.

பட்டுத் தறியில் அறுந்த ஓரிழையைத் தேடிப் பிணைக்கும் பொறுமை நம் வீடுகளுக்குப் புதிதன்று. அப்பொறுமையே இங்கும் வேண்டுவது. பிள்ளையின் பெட்டியில் பேன் சீப்பு ஒன்றை வைத்தனுப்புவோம். புதனும் சனியும் ஒருவர் தலையை ஒருவர் வாரச் சிறிது நேரம் ஒதுக்குமாறு விடுதிப் பொறுப்பாளரைப் பணிவுடன் கேட்போம். கூந்தலோடு சென்ற பிள்ளை, கூந்தலோடும் நிமிர்ந்த தலையோடும் வீடு திரும்பட்டும்.