மார்ச் 24

மார்ச் வந்தால் தினங்களுக்குப் பஞ்சமில்லை. 8 மகளிர் தினம், 20 சிட்டுக்குருவி தினம், 21 காடுகள் தினம், 22 தண்ணீர் தினம். எனக்கு முக்கியம், யாரும் வாழ்த்து அனுப்பாத 24-ம் தேதி. உலகக் காசநோய் தினம். 1882-ல் அன்றைக்குத்தான் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார்.

எங்கள் சித்தப்பாவுக்கு 'அது' இருந்தது. வீட்டில் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'நெஞ்சு சளி' என்பார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். மருந்தில் குணமாகி இருபது வருஷம் வாழ்ந்தார். டம்ளர் மட்டும் கடைசி வரை தனியாகவே இருந்தது. இத்தனைக்கும் இது தட்டு, டம்ளரால் ஒட்டாது. இருமும்போது காற்றில்தான் பரவும்.

சானடோரியத்தில் ஒதுக்கி வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம்ம சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சிதான். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயரில் சானடோரியம் இன்னும் இருக்கிறது. நம் மனசிலும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துவிடுங்கள். பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம். தெரிந்தவர் யாராவது குணமாகி வந்திருக்கிறாரா? வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்க டம்ளர்லயே ஒரு காபி கொடுங்க.