துணியும் தும்பும் தபாலில்

2011 பிப்ரவரியில் இந்திய அஞ்சல் துறை காந்தி படம் போட்ட அஞ்சல் தலையைக் கதர்த் துணியிலேயே அச்சிட்டது. முகமதிப்பு 100 ரூபாய். அதற்கும் முன்னால், முதல் உலகப் போரின்போது, பிரான்ஸில் இருந்த படைவீரர்கள் பட்டு நூலில் பூவேலை செய்த அட்டைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சு, பெல்ஜியப் பெண்கள் தைத்தவை அவை.

நாமும் செய்யக்கூடிய துணி அஞ்சலட்டைக்கு மூன்றே அடுக்கு: மேலே படம் தைத்த துணி, நடுவே விறைப்பான கேன்வாஸ், பின்னால் முகவரி எழுத வெள்ளைப் பருத்தி. ஓரத்தை நெருக்கித் தைக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கரைக்கு இது எவ்வளவு பொருத்தமான கலை! பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு, பிரஷ் செய்வதற்காக இந்தத் துறைமுகம் வழியேதான் வெளிநாடு போனது. மணப்பாட்டுப் பெண்களின் ஓலை முடைதலுக்குத் தனிப் பெயரே உண்டு. தெற்கே இடையன்குடியில், 1844-இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து வந்த எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

இவை மூன்றும் ஒரே அட்டையில் சேரலாம். நீலக் கைத்தறித் துண்டு கடல், லேஸ் நுரை, ஓலைக் கீற்று வள்ளம். 1961-க்குப் பிறகு நின்றுபோன முத்துக்குளிப்பில் கல்லோடு ஆளை இறக்கிய கயிற்றுக்குப் பனந்தும்பு. தும்பு ஊசியில் கோக்க வராது. துணிமேல் கிடத்தி, குறுக்கே பருத்தி நூலால் தைத்துப் பிடிக்க வேண்டும். தடித்த அட்டை என்பதால் உறையிலிட்டு அனுப்புவதே நல்லது.