பூசா தின்னும் ஊரில் ஒரு பச்சைக் கட்டு

அக்டோபர் கடைசி. ஜான்சியிலிருந்து குவாலியர் போகும் சாலையின் ஓரத்தில் பாறைக் குன்றுகள். சரிவெல்லாம் இடுப்பளவுப் புல் பொன்னிறமாகச் சாய்ந்து கிடக்கிறது. பார்க்க அழகுதான். கூட வந்த விவசாயியோ உதட்டைப் பிதுக்கினார். "ஒரு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். இப்போது இது வெறும் குச்சி."

அது ஊசிப்புல். புந்தேல்கண்டில் 'லம்பா' என்கிறார்கள். பூக்கும் சமயத்தில் அறுத்தால் நல்ல தீவனம். விதை முற்றினால் அதன் ஊசிகள் மாட்டின் வாயைக் குத்தும். (திரும்பும்போது என் கால்சட்டையில் ஒரு டஜன் ஊசிகள்.) சத்தும் இறங்கிவிடும். பூக்கும்போது 6, 7 சதவீதம் இருக்கும் புரதம், முற்றிக் காய்ந்தபின் 3 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களுக்கே சுமார் 7 சதவீதப் புரதம் உள்ள தீவனம் வேண்டும். குறைந்தால் வயிறு நிறையும், மாடு தேறாது.

விவசாயிகளுக்கு இது தெரியாமல் இல்லை. செப்டம்பரில் அறுத்தால் மழை விட்டபாடில்லை. காயப்போட்ட புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்டதும் உளுந்து, எள் அறுவடை. உடனே கோதுமை விதைப்பு. புல்லின் முறை வருவதற்குள் நவம்பர். புல்லுக்கும் தீவனத்துக்கும் என்றே 1962இல் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ஊரிலேயே இந்த நிலை.

எனக்கும் ஓர் உறுத்தல். ஆங்கிலத்தில் 'ஹே' என்று வந்த இடத்திலெல்லாம் பல வருடங்களாக 'வைக்கோல்' என்றே மொழிபெயர்த்திருக்கிறேன். தவறு. வைக்கோல், தானியத்தை எடுத்தபின் மிஞ்சும் தாள். ஹே, தீவனத்துக்கென்றே பச்சையாக அறுத்து உலர்த்திய புல். வைக்கோலுக்கு இங்கே பதில், கோதுமைத் தாளை நொறுக்கிய 'பூசா'. அதில் புரதம் 3 சதவீதம் இருந்தால் அதிகம்.

கொட்டகையில் விவசாயி இரண்டு கட்டுகளை அவிழ்த்துப் போட்டார். ஒன்று மஞ்சள், தண்டே அதிகம், லேசான ஈர வாடை. மற்றது காய்ந்தும் பச்சை மாறாதது. இலை நிறைய, கதிரில் விதை முற்றவில்லை, முகர்ந்தால் தேயிலை மாதிரி ஒரு வாசனை. ஒரு பிடியை எடுத்து முறுக்கினார். தண்டு சடசடவென்று முறிந்தது. "முறியாமல் துவண்டால் ஈரம் இருக்கிறது. போரில் வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும்."

குளிர்காலத்தில் பயிரிடும் பெர்சீமையும் அவர் உலர்த்துகிறார். குதிரை மசாலைப் போல அதுவும் புரதம் மிகுந்தது. நன்றாக உலர்த்தினால் 15 சதவீதம்கூட இருக்கும். ஆனால் சத்தெல்லாம் இலையில். உச்சி வெயிலில் புரட்டினால் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். பனி ஈரம் காயுமுன், காலையிலேயே புரட்டிவிட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? பால் வற்றிய பசுவுக்குத் தீவனம் போட முடியாதவர்கள் அதை அவிழ்த்துவிடுகிறார்கள். 'அன்னா பிரதா' என்று பெயர். ஒரு காலத்தில் அறுவடை முடிந்த கோடையில் மட்டும் இருந்த வழக்கம்; இப்போது வருடம் முழுவதும். அப்படி அலையும் மாடுகளிடமிருந்து பயிரைக் காக்க வயலிலேயே இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள்.

அவர் கொட்டகையிலும் பால் வற்றிய பசு ஒன்று நின்றது. ஏன் அவிழ்த்துவிடவில்லை என்று கேட்டேன். "மார்ச்சில் கன்று போடும்" என்றார். பிறகு பச்சைக் கட்டுகளை எண்ணிக் காட்டினார். "அதுவரை தாங்கும்."